பிரசவ அறைக்குள் வரும் சட்டம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களுக்கு,



இந்த ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிற குடும்பங்களில் அநேகருக்கு இன்று அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். டெக்சாஸில் நர்ஸாக இருக்கும் மகள், ஒஹையோவில் வேலை பார்க்கும் மருமகன், அங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகள் என்று பெயர்களைக் குறித்து ஜெபிக்கச் சொல்லி எழுதுகிறீர்கள். அண்மைக் காலமாக அந்தக் கடிதங்களில் ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "அங்கே கருக்கலைப்புச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறாகிவிட்டதாமே. மகள் ஐந்து மாதம் கர்ப்பமாயிருக்கிறாள். ஏதாவது சிக்கல் என்றால் டாக்டர்கள் கை வைக்கப் பயப்படுவார்களாமே, மெய்தானா?" வேறு சிலர், "விசுவாசிகளாகிய நாம் இதை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். சபைகள் ஒருமனப்படாத விஷயம் இது என்பதை அறிந்தே இதை எழுதுகிறோம். ஆயினும் பிரசவ வார்டு நடத்துகிற ஒரு மருத்துவமனை இதைப்பற்றிப் பேசாமல் இருப்பதும் சரியல்ல. முதலில் நடந்ததைச் சொல்லி, பின்பு எங்கள் மனதில் பட்டதையும் சொல்லுகிறோம்.

மாநிலத்துக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

நம் நாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றமாயிருந்தது. 1971இல் பாராளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது; அது 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமல்ல, அவளது சரீர சுகத்துக்கோ மன நலத்துக்கோ கடுமையான கேடு வரும் என்றாலும் மருத்துவர் செயல்படலாம் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். சென்னையிலும் பாட்னாவிலும் இன்று ஒரே சட்டம்தான்.

அமெரிக்கா அப்படியல்ல. அங்கே குற்றவியல் சட்டமும் மருத்துவ ஒழுங்குமுறைகளும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் உள்ளவை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கருக்கலைப்பைத் தடை செய்தது. அந்தத் தடைகளைத் தளர்த்தியதும் முதலில் மாநிலங்களே. 1967இல் கொலராடோ தொடங்கியது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். 1970 ஏப்ரலில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா ஒரு வாக்கில் தோற்கப்போன வேளையில், ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்ற உறுப்பினர் எழுந்து தம் வாக்கை மாற்றி அளித்தார். தம் தொகுதி மக்கள் இதை மன்னிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவ்வாறே அந்த ஆண்டே தம் கட்சி வேட்பாளராகும் வாய்ப்பை அவர் இழந்தார்.

1973 ஜனவரி 22 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, இந்த உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் என்ற நீதிபதி, அதற்கு முன் பல ஆண்டுகள் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையின் சட்ட ஆலோசகராக இருந்தவர். அதன்பின் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு, கரு தாய்க்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை அடையும் முன் எந்த மாநிலமும் முழுத் தடை விதிக்க முடியாதிருந்தது.

2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் மிசிசிப்பி மாநிலத்தின் 15 வாரச் சட்டம் சம்பந்தப்பட்ட 'டாப்ஸ்' வழக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. முடிவு மாநிலங்களுக்கே திரும்பிப் போயிற்று. சில மாநிலங்கள் புதுத் தடைகளை உடனே அமலாக்கின. வேறு சிலவற்றில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சட்டங்கள் விழித்துக்கொண்டன. விஸ்கான்சினில் 1849ஆம் ஆண்டுச் சட்டம்; மிச்சிகனில் 1931ஆம் ஆண்டுச் சட்டம். அரிசோனாவில் 1864ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியது. 1864இல் அரிசோனா ஒரு மாநிலமாகவே ஆகவில்லை. பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லை. சில வாரங்களுக்குள் சட்டமன்றம் அதை நீக்கிவிட்டது.

பிரசவ அறையில் நடப்பது என்ன?

எங்கள் பிரசவ வார்டில் வேலை செய்கிற எந்த நர்ஸுக்கும் தெரிந்த ஒரு நிலைமையைச் சொல்லுகிறோம். நாலரை மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்து நீர் போய்விடுகிறது. அந்த வயதுக் குழந்தை வெளியே வந்தால் பிழைக்காது. ஆனாலும் உள்ளே அதன் இருதயம் துடித்துக்கொண்டிருக்கும். திறந்துவிட்ட கர்ப்பப்பைக்குள் கிருமிகள் ஏறும். முதலில் குளிர், பின் காய்ச்சல், நாடி வேகம், பின் இரத்தத்தில் விஷம் பரவுதல். கர்ப்பப்பையைக் காலியாக்குவதே நோயின் வேரை அகற்றும் சிகிச்சை. எப்போது செய்வது என்பதில் மணிக்கணக்கு முக்கியம். காய்ச்சல் வருமுன் செய்தால் பெரும்பாலும் தாய் நல்ல சுகத்தோடு வீடு திரும்புவாள். பிந்தினால் கர்ப்பப்பையோ, சிறுநீரகமோ, உயிரோ போகலாம்.

இந்தச் சிகிச்சைக்கு மருத்துவ நூலில் இருக்கிற பெயரும், தடைச் சட்டத்தில் இருக்கிற பெயரும் ஒன்றே. கருக்கலைப்பு. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

டெக்சாஸில் 2022 ஆகஸ்டு முதல் அமலில் உள்ள சட்டப்படி, தடையை மீறிக் கருக்கலைப்புச் செய்யும் மருத்துவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். அபராதம் குறைந்தது ஒரு லட்சம் டாலர். தொழில் உரிமமும் போகும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. ஆனால் ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும்? காய்ச்சல் 101 டிகிரி போதுமா, 103 வரவேண்டுமா? வழக்கறிஞர் ஒரு பதில் சொல்லுவார், மருத்துவர் வேறு பதில் சொல்லுவார். அதற்குள் நேரம் போய்விடும்.

அமாண்டா சுராவ்ஸ்கி என்ற பெண்மணிக்கு அதுவே நடந்தது. நெடுநாள் சிகிச்சைக்குப் பின் உண்டான கர்ப்பம். 2022 ஆகஸ்டில், பதினெட்டாம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிழைக்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருதயத் துடிப்பு இருந்தபடியால் காத்திருக்கவும் சொன்னார்கள். சில நாட்களில் இரத்தத்தில் விஷம் பரவியபின்தான் பிரசவம் வரவழைக்கப்பட்டது. உயிர் தப்பியது, ஆனால் ஒரு கருக்குழாய் நிரந்தரமாக அடைபட்டுப்போயிற்று. அவரும் வேறு சில பெண்களும் 2023 மார்ச்சில் தொடுத்த வழக்கை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024 மே 31 அன்று ஏற்க மறுத்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 2022 ஆகஸ்டில் 28 வயதுத் தாய் ஒருத்தி, கருவின் எச்சங்கள் உள்ளே தங்கிக் கிருமி பரவியிருந்த நிலையில் டி அண்ட் சி சிகிச்சைக்குச் சுமார் இருபது மணி நேரம் காத்திருந்து மரித்தாள். அந்த மரணம் தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்று அந்த மாநிலத்தின் தாய்மரண ஆய்வுக் குழுவே முடிவு செய்தது.

இது அமெரிக்காவுக்கு மாத்திரம் உரிய கதை அல்ல. நம் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவர் 2012 அக்டோபர் 28 அன்று அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் மரித்ததை அநேகர் நினைவில் வைத்திருப்பீர்கள். 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கியிருந்தது. கருவின் துடிப்பு நிற்கும்வரை சட்டம் இடங்கொடுக்காது என்று காத்திருந்ததில் கிருமி முந்திக்கொண்டது. அவருக்கு வயது 31. அயர்லாந்து மக்கள் 2018 மே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தங்கள் அரசியல் சாசனத் தடையை நீக்கினார்கள்.

சட்டத்தின் நிழல் மருந்து அலமாரி மேலும் விழுகிறது. மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை நம் ஊர் நர்ஸுகள் நன்றாக அறிவார்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்த உதவும் மாத்திரை; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. கருக்கலைப்புக்கும் அது பயன்படுவதால் லூசியானா மாநிலம் 2024 அக்டோபர் 1 முதல் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட ஆபத்தான மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இரத்தப்போக்கு அவசரத்துக்கென்று கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த மாத்திரையைப் பூட்டிய அலமாரிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஐடஹோ மாநிலத்தில் சாண்ட்பாயிண்ட் என்ற சிற்றூர் மருத்துவமனை 2023இல் தன் பிரசவப் பிரிவையே மூடிவிட்டது. குழந்தை மருத்துவர்கள் போதாததையும், மாநிலத்தின் சட்டச் சூழலையும் காரணமாகச் சொன்னது. பிள்ளை பெற விரும்பும் தாய்மாரும் இப்போது மலைப்பாதையில் வேறு ஊருக்குப் போகிறார்கள்.

பாதுகாப்பு எந்தெந்த வழிகளில் வருகிறது?

இதற்கு எதிர்முகமாகப் பல மாநிலங்களில் பெண்களின் உரிமையையும் மருத்துவரின் கையையும் காக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றை நான்கு வழிகளாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, மக்கள் வாக்கெடுப்பு. பல மாநிலங்களில் குடிமக்கள் போதிய கையெழுத்துக்களைச் சேர்த்தால் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தும் கேள்வியை நேரே மக்களிடம் வைக்கலாம். 2022 நவம்பரில் மிச்சிகன் மக்கள் சுமார் 57 சதவீத வாக்குகளால் இந்த உரிமையைச் சாசனத்தில் எழுதினார்கள். கலிபோர்னியாவும் வெர்மாண்டும் அதே நாளில் எழுதின. ஒஹையோவில் சாசனத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்று விதியை உயர்த்த 2023 ஆகஸ்டில் ஒரு முயற்சி நடந்தது; மக்கள் அதைத் தோற்கடித்து, நவம்பரில் சுமார் 57 சதவீத வாக்குகளால் உரிமையை நிலைநாட்டினார்கள். புளோரிடாவில் 2024இல் அதே 57 சதவீதம் கிடைத்தும், அங்கே 60 வேண்டும் என்ற விதி இருப்பதால் திருத்தம் தோற்றது. அதே நாளில் அரிசோனா, மிசூரி உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் உரிமைக்குச் சாதகமான கேள்விகள் வென்றன. தெற்கு டகோடாவிலும் நெப்ராஸ்காவிலும் தோற்றன. மிசூரிச் சட்டமன்றமோ, மக்கள் தந்த திருத்தத்தை நீக்கும்படி கேட்கும் இன்னொரு வாக்கெடுப்பை 2026க்கென்று 2025 மே மாதத்தில் குறித்தது. வென்றபின்னும் விழிப்பு வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மாநில நீதிமன்றங்கள். மாநில அரசியல் சாசனத்தின் முதல் பகுதி பெண் தன் சரீரத்தைக் குறித்துத் தீர்மானிக்கும் உரிமையைக் காக்கிறது என்று கான்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருந்தது. அதை மாற்ற 2022 ஆகஸ்டு 2 அன்று கொண்டுவந்த திருத்தத்தை, பழமைப் போக்குக்குப் பெயர் பெற்ற அந்த மாநில மக்கள் 59 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். விஸ்கான்சினின் 1849ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் செல்லாதென்று அறிவித்தது.

மூன்றாவது, சட்டமன்றங்கள். பழைய சட்டத்தை நீக்குவதும், இருக்கிற தடையின் வார்த்தைகளைத் தெளிவாக்குவதும் இதில் அடங்கும். மிச்சிகன் 2023இல் 1931ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அலபாமாவில் சோதனைக் குழாய் முறையில் உறைய வைத்த கருக்களையும் குழந்தைகளாகக் கருத வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கூறியபோது, குழந்தையில்லாத தம்பதியருக்கான சிகிச்சை மையங்கள் சில வேலையை நிறுத்தின. மூன்று வாரங்களுக்குள் சட்டமன்றம் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. டெக்சாஸும் 2025 ஜூனில், மரணம் நெருங்கும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தும் சட்டத்தை ஏற்றது. தடை அப்படியே இருக்கிறது. விலக்கின் வார்த்தைகள்தான் திருந்தின. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், 2021இல் கடுமையான தடையைக் கொண்டுவந்த அதே செனட்டர் பிரையன் ஹியூஸ் என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, கேடயச் சட்டங்கள். தன் எல்லைக்குள் சட்டப்படி சிகிச்சை தந்த மருத்துவரைப் பிற மாநிலம் வழக்குத் தொடுத்து இழுத்துச் செல்ல உதவமாட்டோம் என்று சில மாநிலங்கள் எழுதிவைத்துள்ளன. 2022இல் கனெக்டிகட் இதில் முந்தியது. 2025இல் தன் மருத்துவர் ஒருவரை ஒப்படைக்கும்படி லூசியானா கேட்டபோது நியூயார்க் ஆளுநர் மறுத்துவிட்டார்.

அந்தச் சாசனங்களில் எழுதியிருப்பது என்ன?

"உரிமை என்றால் எந்த மாதத்திலும், எந்தக் காரணத்துக்கும் என்று பொருளா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். அப்படியல்ல. மிச்சிகன், ஒஹையோ இரண்டிலும், கரு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை அடைந்தபின் மாநிலம் தடை செய்யலாம் என்றே எழுதியிருக்கிறது. அப்போதும் தாயின் உயிரையோ சுகத்தையோ காக்க மருத்துவர் அவசியம் என்று கருதுவதைத் தடுக்கக்கூடாது.

மேலும் அவை கருக்கலைப்பை மாத்திரம் சொல்லவில்லை. மிச்சிகன் சாசனம் கர்ப்பகாலப் பராமரிப்பு, பிரசவம், பிரசவத்துக்குப் பின்னான கவனிப்பு, கருத்தடை, கருச்சிதைவுக்கான சிகிச்சை, குழந்தையின்மைக்கான சிகிச்சை ஆகிய யாவற்றையும் பெயர் சொல்லிக் காக்கிறது. ஒஹையோ சாசனம், ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தொடரும் உரிமையையும் சேர்த்துச் சொல்லுகிறது. கலைக்கும்படி அவளை ஒருவரும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதும் இதே பாதுகாப்பில் அடங்கும்.

இது வீண் எச்சரிக்கை அல்ல. பெண்ணின் சரீரத்தின்மேல் மாநிலத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும். 1927இல் வர்ஜீனியா மாநிலம் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை அறிவுக்குறைவு உள்ளவள் என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடை செய்ய, நாட்டின் உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதித்தது. அப்படிப்பட்ட மாநிலச் சட்டங்களின்கீழ் சென்ற நூற்றாண்டில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் சம்மதமின்றிக் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மனச்சாட்சியின் பேரில் இதில் பங்கெடுக்க விரும்பாத மருத்துவர்களும் நர்ஸுகளும் என்ன செய்வது என்பதும் நல்ல கேள்வி. அவர்களைக் காக்கும் மத்திய சட்டம் 1973 முதலே உண்டு. அதற்குச் சர்ச் திருத்தம் என்று பெயர். சபையைக் குறித்த பெயர் அல்ல; கொண்டுவந்த ஐடஹோ செனட்டர் பிராங்க் சர்ச் அவர்களின் பெயர்.

விரும்பாத கர்ப்பமும் விரும்பிய கர்ப்பமும்

இதுவரை நாங்கள் சொன்ன தாய்மாரில் அநேகர் பிள்ளைக்காக ஏங்கியவர்கள். ஆனால் இந்த உரிமை அவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல. கர்ப்பத்தைத் தொடர முடியாது என்று தீர்மானிக்கும் பெண்ணையும் இது காக்கிறது. இதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு உண்மை சொன்னவர்களாக மாட்டோம். இங்கேதான் சபைகள் பிரிகின்றன.

கத்தோலிக்க திருச்சபை நேரடிக் கருக்கலைப்பு எதையும் ஏற்பதில்லை. அப்படியிருந்தும் கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தில், நோயுற்ற குழாயை அகற்றித் தாயைக் காப்பதை அதன் போதகம் அனுமதிக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளில் பலவித எண்ணங்கள் உண்டு. இன்று தடைகளை வலுவாக ஆதரிக்கும் தென் பாப்டிஸ்ட் மாநாடு 1971இல், கற்பழிப்பு, கருவின் கடுமையான ஊனம், தாயின் மன, சரீர நலத்துக்குக் கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் போட்டது. 1967இல் நியூயார்க்கில் ஹோவர்ட் மூடி என்ற போதகரும் வேறு இருபது போதகர்களும் யூத ரபிகளும் சேர்ந்து, தவித்து வரும் பெண்களைப் பாதுகாப்பான மருத்துவரிடம் வழிகாட்டும் ஊழியத்தை வெளிப்படையாகத் தொடங்கினார்கள். காரணம் இல்லாமல் அல்ல. அந்நாட்களில் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில், மறைவான இடங்களில் அரைகுறையாய்க் கருக்கலைத்துக் கிருமி பரவி வந்த பெண்களுக்கென்று ஒரு தனி வார்டே இருந்தது.

கருவும் தேவன் தரும் ஈவு என்று நாங்கள் விசுவாசிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'விரும்பியவள்', 'விரும்பாதவள்' என்று பிரித்து, ஒருத்திக்குச் சிகிச்சையும் மற்றவளுக்குத் தடையுமாகச் சட்டம் எழுத முயன்ற இடங்களில், மருந்தும் கருவியும் மருத்துவரின் கையும் ஒன்றே ஆனபடியால் இருவரும் பாதிக்கப்பட்டார்கள். சிறைக்குப் பயப்படுகிற மருத்துவர் எல்லாரிடமும் தயங்குவார். தடை கடுமையான இடங்களில் நாம் கண்டது இதுவே. ஆகையால் தாய்மாரைக் காக்க விரும்புகிறவர்கள், தெளிவான சட்டமும் மருத்துவருக்கு அச்சமற்ற நிலையும் வேண்டும் என்பதிலாவது ஒன்றுபடலாம் என்பது எங்கள் தாழ்மையான எண்ணம்.

சுவிசேஷத்தில் ஓய்வுநாளைக் குறித்த வாக்குவாதம் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் கட்டளையை மீறலாம் என்று யூத போதகர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜெப ஆலயத்தில் நின்ற சூம்பின கையுடைய மனிதனுக்கோ உயிராபத்து இல்லை. ஒரு நாள் பொறுத்தால் சட்டச் சிக்கல் இல்லாமல் சுகம் பெற்றிருப்பான். ஆண்டவர் அந்த ஒரு நாளைக்கூட அவனிடம் கேட்கவில்லை. இந்தப் பகுதி கருக்கலைப்பைப் பற்றியதல்ல என்பதை அறிவோம். உயிர் போகும் நிலைவரை காத்திருந்தால்தான் உதவி என்பது அவருடைய வழி அல்ல என்பதற்கு மாத்திரம் இதை எடுத்துச் சொல்லுகிறோம்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

முதலில் கேட்ட தாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான கர்ப்பங்கள் அங்கேயும் நலமாகவே முடிகின்றன. வீண் பயம் வேண்டாம். ஆனால் மகளிடம் இவற்றை மறவாமல் சொல்லுங்கள்.

தன் மாநிலத்தின் சட்டம் என்ன, கருச்சிதைவோ பனிக்குடம் உடைதலோ நேர்ந்தால் மருத்துவமனை என்ன செய்யும் என்று முதல் மாதங்களிலேயே மருத்துவரிடம் நேரே கேட்கட்டும். இரத்தப்போக்கு, நீர் வடிதல், குளிர், காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி, மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும் அவசர நிலையில் வருகிறவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தாமல் திருப்பி அனுப்பக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. தாமதம் என்று தோன்றினால் மேல் மருத்துவரை அழைக்கவும், வேறு மாநிலத்துக்கு மாற்றவும் கணவன் வாய் திறந்து கேட்கட்டும். அங்கே குடியுரிமை பெற்ற பிள்ளைகள், மாநிலத் தேர்தலையும் நீதிபதித் தேர்தலையும் சிறிய காரியமாக எண்ணி விட்டுவிட வேண்டாம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கையால் நடக்கும் எங்கள் பிரசவ வார்டில் நள்ளிரவில் வருகிற தாய்க்கு டாக்டர் கை கழுவிக்கொண்டு உடனே போக முடிகிறது. அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இந்தச் சிலாக்கியம் இல்லாத தேசங்களில் தயங்கி நிற்கும் மருத்துவர்களுக்காகவும், காத்திருக்கும் தாய்மாருக்காகவும், சட்டம் எழுதும் கைகளுக்காகவும் இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைவுகூருங்கள். அந்நிய நாட்டில் கர்ப்பவதிகளாயிருக்கும் நம் பிள்ளைகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். காலை ஜெபத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வோம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகரும் உடன் ஊழியர்களும்